இருபது வாட்

ஆகஸ்ட் 3
பிரான்சிலிருந்து ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. இரண்டும் என் தோள் உயரம். பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்த என் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. அங்கே மகள் ஸ்டெஃபனி வீட்டுக்குப் போன இடத்தில் வாங்கிவிட்டார். போனில், "அத ஓட்டற பவர் ஆம்ப்ளிஃபயர நீ பாத்து வாங்கிடு தனம். நீதான சயின்ஸ் டீச்சர்" என்கிறார்.

ஆகஸ்ட் 6
நேரு வீதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ராஜவேல் என்னிடம் படித்தவர். "டீச்சர், இது நாலு ஓம். கரண்ட் நிறைய இழுக்கும். நூத்தம்பது வாட்டாவது வேணும்."
எனக்குப் பயம். அவ்வளவு பலத்தைக் கொடுத்து ஸ்பீக்கர் கிழிந்துவிட்டால்? குழந்தைக்குச் சின்னக் கரண்டியில்தானே ஊட்டுகிறோம். இருபது வாட் போதும் என்றேன். "நீங்க சொன்னா சரி" என்றார். முகம் சரியில்லை.

ஆகஸ்ட் 7
மெதுவாக வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9
போனிலேயே கேட்க வேண்டும் என்றார் இவர். நாதஸ்வரம் போட்டேன். "சத்தமா வையேன்." முழுசாகத் திருப்பினேன். கரகரவென்றது, பிறகு கருகின வாடை. தவில் கேட்கிறது, ஜால்ரா இல்லை. இரண்டு ஸ்பீக்கரிலும்.
"ம், இப்ப கேக்குது" என்றார். ஆம்ப்பை அணைத்துவிட்டுப் போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 10
ராஜவேல் வந்து கழற்றிப் பார்த்தார். ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிகளுக்கான குட்டி ஸ்பீக்கர், இரண்டும் போச்சு. சின்ன ஆம்ப் சக்திக்கு மீறிக் கத்தும்போது அலையின் தலை வெட்டுப்படும். அதனால் எழும் சூடு முழுக்க ட்வீட்டருக்குத்தான் போகுமாம். தொண்டை பலமில்லாத வாத்தியார் அறுபது பிள்ளைகளுக்கு நடுவே கத்தினால் குரல் கிழிவதுபோல. முப்பத்தோரு வருஷம் பலகையில் அலை வரைந்தவள் நான்.
"அன்னைக்கே அடிச்சுச் சொல்லியிருக்கலாமே?"
"உங்களையா? பெஞ்சு மேல ஏத்திட்டீங்கன்னா?"
புது ட்வீட்டர் வர மூன்று வாரம். இவர் பதினான்காம் தேதி வருகிறார்.

ஆகஸ்ட் 13
எப்படிச் சொல்வேன்?

ஆகஸ்ட் 15
ராஜவேல் கொடுத்துவைத்த நூற்றைம்பது வாட் ஆம்ப்பை மாட்டியிருந்தேன். சொல்லிவிட வாயெடுப்பதற்குள் இவரே சிடியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.
"ஜால்ராவக் கேளு தனம். கண்ணாடி மாதிரி."
ஜால்ராவா? ட்வீட்டர் இரண்டும் கடையில் கிடக்கின்றன. முன்னால் மாட்டிய துணிக்குப் பின்னே வெறும் ஓட்டை.


ஆகஸ்ட் 16
சமையலறையில் டைமர் விடாமல் கீச்சிட்டது. பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. எத்தனை வருஷமாக இப்படி? கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று எவ்வளவு திட்டியிருக்கேன் — ஐயோ.

ஆகஸ்ட் 18
இரண்டையும் சொல்லிவிட்டேன். நான் கருக்கியதையும், அவர் காதையும். கோபப்படவில்லை. துணியைக் கழற்றி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.
"அப்ப நான் கேட்டது என்ன?"


ஆகஸ்ட் 21
காது டாக்டர் இவருக்கு எது கேட்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். கோடு பாதி வரை வந்து, கீச்சு ஒலிகள் இருக்கும் பக்கம் கிணற்றில் விழுகிறது. பீரங்கிச் சத்தமாக இருக்கலாம் என்றார். 

செப்டம்பர் 6
ராஜவேல் புது ட்வீட்டர்களைப் பொருத்தினார். நூற்றைம்பது வாட்டையே வைத்துக்கொண்டோம். இவருக்குக் காதுக் கருவி போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. பாட்டு ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.
"வெளில என்னமோ கத்துது."
ஜன்னலைத் திறந்தேன். மதில் மேல் அணில்.
பாட்டைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. அது ஓடிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.