அப்பாவுக்குச் சொந்தக்காரரைத் தேடியது

அன்பு மகளுக்கு,

இன்று காலை அப்பா அரை டம்ளர் தண்ணீரைப் புரையேறாமல் குடித்துவிட்டார். வார்டு நர்ஸ் சோதித்துச் சொன்னது, நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால் நம்பலாம். நானும் தம்பியும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்கள் சுகம் முழுசாகும்.

நீ போனில் கேட்டதற்கெல்லாம் தம்பி "ஒண்ணுமில்லக்கா, சரியாயிடும்" என்றே சொன்னானாம். நான் ஆம்புலன்ஸ் டியூட்டி முடிந்து வந்தால் ஷூவைக் கழற்றவிடாமல் கேள்வி கேட்டவள் நீ, உன்னிடம் அந்தப் பதில் செல்லுமா? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறை, மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால் அப்பா நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார், வலது கை எழவில்லை. சிரிங்க என்றேன், வாய் ஒரு பக்கமாக இழுத்தது, வார்த்தை குழறியது. பக்கவாதம் என்று தெரிந்துவிட்டது. அழைத்ததும் வந்தது எங்கள் வண்டியேதான், ஓட்டி வந்தவர் ஹாரன் என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர். ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் அது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று தெரியாவிட்டால் போடத் தயங்குவார்கள். நான் மாடியில் இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? அவர் மடியில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்புதான் உனக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார், புதுக் குடை வாங்கினாயா இல்லை நனைந்துகொண்டே திரிகிறாயா என்று, குரல் கணீரென்று இருந்தது. அதைத் திறந்தே பார்க்கவில்லை என்று நீ அழுதாயாம். அழாதே. அதில் இருந்த நேரத்தை வைத்துத்தான் ஊசியே போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே, ஆண், அறுபத்து மூன்று வயது, வலது பக்கம் பலவீனம், சுகர் சரி என்று வழக்கம்போல் ஒப்பித்தேன். டாக்டர், "நல்லாச் சொன்னீங்க, ஊசிக்குக் கையெழுத்து வேணும், பேஷண்டோட சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா" என்றார். "இருங்க டாக்டர், கூட்டிட்டு வர்றேன்" என்று வெளியே போய், காத்திருந்தவர்களை முகம் முகமாகப் பார்க்கிறேன். ஹாரன் பின்னாலேயே வந்து மெதுவாக, "அக்கா, அது நீங்கதான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். இப்போது டிப்போவில் எல்லோரும் என்னைச் சொந்தக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, அப்பா வீட்டுக்கு வந்த பிறகு நாலு நாள் சேர்ந்தாற்போல் இருக்கிற மாதிரி வா. வேலையும் உடம்பும் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும், எங்கள் ஆசி என்றும் உண்டு. கை கொஞ்சம் மடங்குகிறது, பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. உன் போட்டோவைக் காட்டினால் முகம் மலர்கிறது, கூப்பிட வாயைத் திறக்கிறார், வராத கோபத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வியாழக்கிழமை வருகிறார், எவ்வளவு திரும்பும் என்பதை அதன் பிறகே சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அன்று சாயங்காலம் போனை அப்பா காதில் வைக்கிறேன். பதில் வராவிட்டாலும் நீ பேசு.

உன்
அம்மா