உன் சம்பந்திக்குப் பரிமாறிய ரிசோட்டோ

ஓவன் இன்னும் சூடாக இருக்கிறது. சமையலறை முழுக்கச் சீஸ் உருகி ஓரம் கருகிய வாசனை, அதற்கு மேல் குங்குமப்பூ வாசனை. கோவில் மணி கேட்கும் இந்தத் தெருவில் இப்படி ஒரு வாசனை வரும் வீடு இது ஒன்றுதான் என்று நீ சிரிப்பாயே, அதே வாசனை. உன் மகளும் உன் சம்பந்தியும் முன்னறையில் மின்விசிறியின் கீழ் படுத்திருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடக்கின்றன. நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று உனக்குப் புரியும்.

வந்துவிட்டாள். மிலானிலிருந்து உன் சம்பந்தி வந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை வரிசையாகத்தான் சொல்வேன். "முடிவச் சொல்லுட்டி" என்று நீ எவ்வளவு அவசரப்படுத்தினாலும் முந்திச் சொல்ல மாட்டேன்.

மகளின் பேறுகாலத்துக்கு மிலான் போய்த் திரும்பிய நீ, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஆட்டோ பிடித்து இங்கே வந்த காலை நினைவிருக்கிறதா? என் கணவர் போனபின் என் சமையல் ஒரு டம்ளர் அரிசியாகச் சுருங்கியிருந்த காலம் அது. காப்பி கொடுத்தேன். குடிக்காமல் பேசினாய். அங்கே ஒரு நாள் சம்பந்திக்கு உதவலாம் என்று அரிசியை எடுத்துக் குழாயடியில் கழுவியிருக்கிறாய். ஆரியசாலையில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகள், அரிசியைக் கண்டால் கழுவாமல் என்ன செய்வாள்? அந்த அம்மாள் ஓடி வந்து உன் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி, அரிசியை அப்படியே குப்பையில் கொட்டியிருக்கிறாள்.

"அரிசியக் குப்பையில கொட்டுகா. எங்கிட்ட, எங்கிட்டயே அரிசி என்னதுன்னு சொல்லித் தருகா, கேட்டியா" என்றாய். உன் முகம் சிவந்திருந்தது. அவர்கள் ஊர்ப் பொங்கலான ரிசோட்டோவுக்கு அரிசியின் மாவுதான் உயிர், கழுவினால் அது போய்விடும் என்று உன் மகள் பிறகு விளக்கினாளாம். அது உனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. "ஒரு நாளு அந்த அம்மை இங்க வரணும். நம்ம கையால திங்கணும். தின்னுட்டு, எப்படிச் செஞ்சன்னு எங்கிட்டக் கேக்கணும். அம்புட்டுதான் எனக்கு."

அந்த "நம்ம" என்ற சொல்லில் என்னை இழுத்துவிட்டாய். நானும் அன்றைக்கே எழுந்துவிட்டேன். நமக்குப் படிப்பு இருந்ததே! கான்வென்டில் மனையியல் வகுப்பில் பேக்ட் ரைஸ் செய்முறையைக் கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்டோம். பள்ளியில் இருந்த ஒரே ஓவன் கன்னியர் மடத்தின் சமையலறையில் இருந்தது. வரிசையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஓவன் சூட்டை அறியாமலே அந்தப் பாடத்தில் நான் முதல் மார்க், நீ இரண்டாவது. அதை நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் சண்டை அரிசி கழுவுவதில்தான் வந்தது. நீ மிலானில் பாடம் படித்து வந்தவள், கழுவக் கூடாது என்றாய். கழுவாத அரிசி என் அடுப்பில் ஏறாது என்றேன். "ஏட்டி, ஒனக்கு ரிசோட்டோ வேணுமா, ஆசாரம் வேணுமா?" என்று கேட்டாய். "ரெண்டும் வேணும். சித்த இரு" என்று சொல்லி, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் அரிசியைப் பரப்பி அழுத்தித் துடைத்தேன். தூசி போயிற்று, மாவு நின்றது. நீ துணியை எடுத்து உதறினாய். உன்னிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

இரண்டாவது சிக்கல் பெரியது. எங்கள் வீட்டில் அடுப்பில் இருப்பதை ருசி பார்க்கும் வழக்கம் கிடையாது. சாமிக்குக் காட்டுமுன் நாக்கில் படக் கூடாது. உப்பு சரியா என்பதை வாசனையிலேயே கண்டுகொள்வேன். சாம்பாரில் இது ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் ரிசோட்டோ வேறு ஜாதி. கொதிக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெண்பொங்கல் இறுகுவதற்குச் சற்று முந்திய தளர்வில், அரிசியின் நடுவில் கொஞ்சம் கடிபடும் நிலையில் இறக்க வேண்டும். சீஸின் உப்பு ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி இருக்கும். வாசனையை நம்பி நான் இறக்கிய முதல் ரிசோட்டோவை நீ வாயில் போட்டுவிட்டு, "சுவருல பூசலாம்" என்றாய்.

அன்றிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் கிண்டுவேன், நீ ருசி பார்ப்பாய். என் இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி நிற்பாய். உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிவிட்டு, "இன்னும் ரெண்டு கரண்டி" என்பாய், "உப்பு காணாது" என்பாய். வைனுக்குப் பதில் வெள்ளைத் திராட்சைச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தது உன் யோசனை. கன்றுக்குட்டி வயிற்றுச் சாறு சேர்க்காத சீஸைத் தேடி ஊரெல்லாம் அலைந்தது நான். கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் வாங்கும் ஒரு கடையில் கிடைத்தது. ரிசோட்டோ மெல்ல மெல்ல நம் கைக்கு வந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் நீ ஒரு பொட்டலத்தோடு வந்தாய். உணக்கலரி. இங்கே கோவில் பாயசத்துக்குப் போடுவார்களே, சிவப்புக் கோடு ஓடும் குண்டுப் பச்சரிசி, அது. "அவியளுக்கு அவிய அரிசின்னா, நமக்கு நம்ம அரிசி" என்றாய். அதைக் குழைய வேகவைத்து, இங்கே மத்தங்காய் என்கிற மஞ்சள் பூசணியை வதக்கி, மிளகும் சீஸுமாக அடுக்கி, மேலே ரஸ்க் பொடி தூவி ஓவனில் வைத்தோம். வெளியே எடுத்தபோது மேல்பக்கம் பொன்னாக மொறுமொறுத்து, உள்ளே இளகி இருந்தது. நாம் இருவரும் தட்டு எடுக்காமலே தின்றோம். நான் அப்படித் தின்றதை நீ யாரிடமும் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். அதுவரை சம்பந்தி வரவில்லை. அவ்வளவுதான், இந்தப் பாராவை இதற்கு மேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை.

இந்த மாதம் உன் மகள் போனில் கூப்பிட்டாள். தன்னோடு மாமியாரும் வருகிறாள், உன் மருமகனும் பேரனும் அடுத்த வாரம் வருவார்கள் என்றாள். கோவளத்தில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறோம், உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றாள். "உங்கம்மா இருந்தா அவ ஓட்டல்ல சாப்பிடுவாளாடி?" என்று கேட்டேன். "வரோம் மாமி" என்றாள்.

இன்று வந்தார்கள். உன் சம்பந்தி என் வயதுக்காரி, என்னைப் போலவே கணவரை இழந்தவள், என்னைவிட நேராக உட்காருகிறாள். எனக்கு அது பிடித்தது. முன்னறையில் நாற்காலி போட்டால், அதைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண் முழுக்க என் கையில். அவர்கள் ஊர் அரிசியை ஈரத்துணியில் துடைத்தபோது புருவம் ஏறியது. நான் கழுவப் போகிறேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. துணியை உதறிவிட்டு அரிசியை நேரே வெண்ணெயில் போட்டேன். புருவம் இறங்கியது. அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பாய்.

சாறு ஊற்றினேன், கிண்டினேன். அரிசி தடித்து வந்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தேன். அவள் உன் மகளிடம் ஏதோ சொன்னாள்.

"மாமி, ருசி பாக்கலியான்னு கேக்காங்க."

"எங்காத்துல அந்த வழக்கம் இல்லேன்னு சொல்லு."

"சொன்னேன். அப்போ எப்படித் தெரியும்னு கேக்காங்க."

நியாயமான கேள்வி. என்னை அறியாமல் இடப்பக்கம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். தப்பாகப் போனால் என் மானம் போகாது, உன் மானம்தான் போகும். உள்ளங்கையில் ஒரு துளி விட்டேன், நாக்கில் வைத்தேன். இத்தனை வயதில், எரியும் அடுப்பின் முன்னால், முதல் தடவை. உப்பு காணாது. உன் சொல் அப்படியே என் வாயில் வந்தது. உப்பைப் போட்டேன், இன்னொரு கரண்டிச் சாறு விட்டேன், கையைக் கழுவினேன், அடுப்பை அணைத்து வெண்ணெயும் சீஸும் சேர்த்தேன். தட்டில் விட்டபோது அது தானாகவே பரவிற்று, பதம் அதுதான். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும்.

தட்டைக் காலி செய்தாள். "சரியாக இருக்கிறது" என்றாளாம். உன் மகள் சந்தோஷமாகத்தான் அதை மொழிபெயர்த்தாள். என் மருமகள் வைக்கும் ரசத்துக்கு நான் சொல்வதும் அதுதான். சரியாக இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நீ கேட்டது அது இல்லையே.

ஓவனில் இருந்த மத்தங்காய் அடுக்கை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எடுத்து நடுவில் வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். இது என்ன அரிசி என்று கேட்டாள். கோவில் பாயச அரிசி என்று உன் மகள் விளக்கினாள். பிறகு அந்த அம்மாள், மிலான் மேஜையில் இப்படிச் செய்வாளோ மாட்டாளோ, கண்ணாடித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மூலையில் ஒட்டியிருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். தலை நிமிரவில்லை. சுரண்டும் சத்தம் மட்டும். என்னிடம் கரண்டியைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்காங்க மாமி" என்றாள் உன் மகள்.

கேட்டாயா? கேட்டுவிட்டாள். உன்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டாள். நான் உடனே எழுந்து சாமான்களை எடுத்து வைத்தேன், இப்போதே செய்து பார் என்று. சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தாள். உணக்கலரியை அளந்து கொடுத்தேன். அப்படியே அடுப்பில் வைக்கப் போனாள். இதைக் கழுவ வேண்டும், தவிடு இருக்கும் என்றேன். தயங்கினாள். பிறகு குழாயடியில் நின்று, கண்ணாடி டம்ளரை அலசுவது போல அரிசியை அலசினாள். பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீரோடு பாதி அரிசி போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "இன்னும் ஒரு தண்ணி" என்று மட்டும் சொன்னேன். உன் மகள் அதை மொழிபெயர்க்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாள் புரிந்துகொண்டு இன்னொரு தண்ணீர் விட்டாள்.

அது ஓவனில் இருக்கும்போது கடைசியாக ஒன்று கேட்டாள். ஊரில் போய்ச் செய்தால் இதை என்ன பெயர் சொல்லிப் பரிமாறுவது என்று. நமக்கு அது தோன்றவே இல்லை பார். நாம் அதை "அது" என்றே சொல்லி வந்தோம்.

நான் உன் பெயரைச் சொன்னேன்.

சொல்லிப் பார்த்தாள். நடு எழுத்து நழுவியது. உன் மகள், "போதும் மாமி, அவங்களுக்கு வராது" என்றாள். கான்வென்டில் படித்தவளிடம் அது நடக்குமா? சரியாக வரும்வரை சொல்ல வைத்தேன். நான் ஒரு தடவை, அவள் ஒரு தடவை. உன் மகளும் சேர்ந்துகொண்டாள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் உன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும்தான். இன்று சமையலறையில் நின்று மூன்று பெண்கள் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். இப்போது அவர்கள் தூங்குகிறார்கள். நான் மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். நன்றாக வருகிறது.