அடைத்த ஜன்னலுக்கு ஓர் உளி

என் அருமை அண்ணே,

நீ இறந்துவிட்டாய் என்பதை அன்று நான் சொல்லவில்லை. பழைய இரும்புக்கடை ராவுத்தர், "உளி யாருக்கும்மா?" என்று கேட்டார். "அண்ணனுக்கு" என்றேன்.

நம் சின்னத் தங்கை செல்லத்துக்கும் இருமல் வந்திருந்தது. உனக்கு வந்த அதே இருமல். காற்று ஆகாதென்று உன் அறை ஜன்னலை அம்மா பலகை வைத்து அடைத்தாளே, அந்த அறையில்தான் செல்லமும் படுத்திருந்தாள். காற்றுதான் மருந்து என்றார் டாக்டர். மழைக்கு மூட ஒரு கதவு இருந்தால் பலகையைப் பிடுங்கலாம் என்றாள் அம்மா.

தச்சர் வாசலோடு நின்றுவிட்டார். "இந்த வீட்டுக்குள்ளயா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா." அவர் பயம் எனக்குப் புரியாதா? கதவை நானே செய்துவிடுவது என்று துணிந்தேன்.

உன் தச்சுக் கருவிப்பெட்டி இருந்திருந்தால் கடைக்கே போயிருக்க மாட்டேன். நோய் ஒட்டியிருக்கும் என்று, உன் படுக்கையோடு அதையும் வைகையில் விட்டுவிட்டார்கள்.

யுத்த காலத்தில் புதுக் கருவியை எங்கே வாங்குவது? பழையதில் ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம், ஓர் அரை அங்குல உளி போதும் என்று முடிவு செய்தேன்.

"கொட்டாப்புளி வேணாமா தாயி? உளிய எதால அடிப்பீக?"

"வீட்டுல புளியங்கட்டை கெடக்கு பாய்."

"இம்புட்டுச் சிக்கனமா! உங்க அண்ணனை நம்பிப் பொண்ணு குடுக்கலாம் போலயே."

நீ செய்வதுபோல, ஒவ்வோர் உளியையும் கட்டையில் நாலு அடி அடித்துவிட்டு, முனையை நகத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கூர் மழுங்கி வழுக்கின. மூன்றாவது நகத்தைப் பிடித்துக்கொண்டது.

"அட, அண்ணன் சொல்லிக் குடுத்துல்ல அனுப்பிருக்காரு! ஆனா பிடி கைக்குச் சேரணும்மா. ஒருக்கா அவரையே கூட்டியாங்க."

"அவர் கையும் என் கையும் ஒரே அளவுதான்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

வீட்டில் வேலையைத் தொடங்கினால், ஒரு சட்டத்தின் நாக்கு மற்றதன் துளைக்குள் போகவே இல்லை. இரண்டு சட்டங்கள் வீணாயின. மரத்தூளில் எனக்கு இருமல் வரும்போதெல்லாம் உளியை வைத்துவிட்டு முந்தானையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். வெறும் தூள்தானா? உனக்கும் முதலில் இப்படித்தான் தோன்றியதா? யாரிடமும் கேட்க முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வாய் திறக்கவே பயம்.

இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு மூச்சு இருக்கும்வரை இந்த ஜன்னலில் யாரையும் ஆணியடிக்க விடமாட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்பே கதவைப் பொருத்திவிட்டேன். மூடும்போது கொஞ்சம் உரசுகிறது. செல்லம் எழுந்து நடமாடுகிறாள். அவள் கட்டிலில் இப்போது நான் படுத்திருக்கிறேன்.

உன் கையளவே கையுள்ள
தங்கை