பதிவேட்டில் இரண்டு பேர்

ஹேட்ச் பெஞ்ச், யூட்டா
அக்டோபர் 19

அன்பு மகன் கிம்பலுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். முழங்கால்தான் முரண்டு பிடிக்கிறது. இந்த வருடமும் பீச் பழம் இருபத்தாறு பாட்டில் போட்டு வைத்தேன். தின்ன ஆளில்லை, பழக்கதோஷம். அலாஸ்காவில் பனி தொடங்கிவிட்டதென்று ஃபோனில் சொன்னாய், படகு இன்ஜின் மக்கர் செய்வதையும் சொன்னாய். நாம் பேசினால் பனியும் இன்ஜினும்தான் வருகின்றன.

போன செவ்வாய்க்கிழமை தேசியப் பூங்காவுக்குப் போனேன். தனியாகத்தான், திட்டாதே. முப்பத்தொரு வருடமாக அக்டோபர் வந்தால் அப்பாவும் நானும் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியவர்கள். அவர் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது என்பதற்காக அக்டோபர் வராமலா இருக்கும்? வழி காட்டும் கற்குவியல்களை யாரோ கலைத்துப் போட்டிருந்ததால் மொட்டைப் பாறையில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அடியில் ஓடை வற்றி, கரை மரங்கள் மஞ்சளாகி நின்றன. அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றேன். எல்லாம் போன வருடம் போலவே அழகாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

வழி தொடங்கும் இடத்தில் இரும்புப் பெட்டிக்குள் பதிவேடு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? இறங்கும்போது பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதவேண்டும், ஏறி வந்ததும் எதிரே கையெழுத்து. எப்போதும் எழுதுகிறவர் அப்பா. அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் நான். அன்று பென்சிலை எடுத்த என் கை, ‘டெல்மர் டாலி, இரண்டு பேர்’ என்று எழுதியிருக்கிறது. நான் கவனிக்கவேயில்லை. மதியம் ஏறி வந்து ‘ஆர்வெல்லா’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நிழலுக்காகத் தள்ளி நிறுத்தியிருந்த வண்டிக்குள் சாய்ந்தவள் கண் அசந்துவிட்டேன்.

யாரோ அப்பாவைக் கூப்பிடும் சத்தத்தில் விழித்தேன்.

பள்ளத்தாக்குக்குள்ளிருந்து வந்தது. “டெல்மர்! டெல்மர்! எங்க இருக்கீங்க?” ஒரு தடவை கூப்பிட்டால் பாறைச்சுவர் மூன்று தடவை திருப்பிச் சொன்னது. பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பூங்காக் காவல் ரேஞ்சர்கள் தேடி இறங்கியிருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. இரண்டு பேர் இறங்கி ஒருத்தி மட்டும் ஏறியிருக்கிறாள் அல்லவா? உடனே ஹாரனை அடித்திருக்கவேண்டும்.

அடிக்கவில்லை, கிம்பல். கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இல்லை. நீயும் சொல்வதில்லை. அடக்கத்துக்கு வந்து, அன்று மத்தியானமே விமானம் ஏறியவன் நீ. அவர் உன்னைக் கேட்காமல் குதிரைகளை விற்றது தப்புதான், நான் அப்போதே சொன்னேன். ஆனாலும் பத்து மாதமாக உன் வாயில் ‘அப்பா’ என்று ஒரு தடவை வரவில்லையே என்று உன்மேல் எனக்கு ஆற்றாமை. அதனால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பிறகு வெட்கமாகி ஹாரனை அடித்தேன்.

கூட வந்த பையனை முந்திக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்தாள் ரேஞ்சர் யாஸி. கோடையில்தான் வேலைக்குச் சேர்ந்தவள், நவஹோ பழங்குடிப் பெண். “ஏம்மா, கீழ நாங்க தொண்டை கிழியக் கத்துறோம், மேல நீங்க சொகுசா உக்காந்து கேட்டுக்கிட்டா இருந்தீங்க? எங்க அவரு?” என்றாள். நான் சொன்னேன். எழுதியதைச் சொன்னேன், அவர் இல்லை என்பதையும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்ததையும் மறைக்கவில்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் மெதுவாக, “செத்தவங்க பேர எங்க வீட்டுல சொல்ல மாட்டோம்மா. போனவங்கள நிம்மதியா போக விடணும். என்னைய இப்பிடிக் கத்த வெச்சிட்டீங்களே” என்றாள். இத்தனை வருடம் அவர்கள் பக்கத்திலேயே வாழ்ந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் தண்ணீர்க் குப்பியை என்னிடம் நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்கம்மா போயி நாலு வருஷம்” என்று மட்டும் சொன்னாள். அவள் அம்மா பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அம்மாவை மறந்தவள் இல்லை என்று தெரிந்தது.

வண்டி ஓட்டி வரும்போது உன்னைத்தான் நினைத்தேன். நீ பேசாமல் இருப்பதை நான் கல் மனசு என்று வைத்துக்கொண்டேன். இன்ஜினைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் குரல் ஏன் கரகரத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவை மன்னித்துக்கொள்.

அடுத்த அக்டோபரில் நாம் ஒரு ராத்திரி பள்ளத்தாக்கின் அடியிலேயே தங்கிவர அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். அவரைப் பற்றிப் பேசவேண்டாம். பனியைப் பற்றியே பேசிக்கொண்டு நடப்போம். படிவத்தில் என் பெயரை எழுதி, இரண்டு பேர் என்று போட்டுவிட்டேன், இந்தத் தடவை தெரிந்தேதான். கடவுள் உன் படகைக் காக்கட்டும். நீ வராமல் இருந்து யாஸியை இன்னொரு தடவை தேட வைத்துவிடாதே, மகனே.

உன் வரவுக்குத் தொப்பியோடு நிற்கும்,
அம்மா ஆர்வெல்லா