செவ்வாய்க்கிழமை வராத பத்திரிகை

மோர்டன்,
15 ஒக்டோபர் 2009

அன்பு மகள் மேனுஷாவுக்கு,

உன் நலம் அறியாமல் எழுதுகிறேன். நீ தொலைபேசியை எடுக்காததால், உன் தோழி தாரகாவிடம் உன் லூயிஷாம் முகவரியைப் பெற்றேன். அவளைக் கோபிக்காதே, இரண்டு முறை மறுத்த பின்னரே தந்தாள்.

செவ்வாய் காலை ஐந்தரைக்குக் கடையில் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். மேலாடையில்லாமல் ஒரு பெண்ணை நாள்தோறும் போடும் அந்த மூன்றாம் பக்கப் படத்தின் கீழே வேறொரு பெயர் இருந்தது. நான் முகத்தை மட்டுமே பார்த்தேன். சைக்கிளால் விழுந்தபோது உன் இடது புருவத்தில் போட்ட தையலின் தழும்பு போதுமாயிருந்தது. எல்லாப் பிரதிகளையும் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். கேட்டவர்களிடம் இன்று வரவில்லை என்றேன். பத்தொன்பது வருட வியாபாரத்தில் அதுவே என் முதல் பொய்.

எட்டு மணிக்கு, ரெய்னர்ஸ் லேனில் கடை வைத்திருக்கும் யோகலிங்கம் அழைத்தார். "அண்ணை, இண்டைக்கு எங்கட கடைக்கு அந்தப் பேப்பர் வரேல்லை. உங்களுக்கும் வந்திராது எண்டு நினைக்கிறன்" என்றார். பிறகு மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மதியத்துக்குள் இன்னும் நான்கு கடைக்காரர் அதையே சொன்னார்கள். எல்லாரும் உன் அரங்கேற்றத்துக்கு வந்தவர்கள்.

அந்தப் பக்கத்தை நிறுத்தும்படி பாராளுமன்ற உறுப்பினருக்கு நான் எழுதிய கடிதத்தை நீதான் தட்டச்சுச் செய்தாய். "அப்பா, எதிர்க்கிறதும் நீங்கள், விக்கிறதும் நீங்கள். ஏதாவது ஒண்டை விடுங்கோ" என்று சிரித்தாய். சட்டப்படி விற்கலாம் என்றேன். இப்போது அந்தப் பதில் எனக்கே கூசுகிறது. இத்தனை வருடமும் அந்தப் பெண்களை அடுக்கிவைத்து விற்றேன். அவர்களுடைய வீடுகளில் அந்தக் காலை எப்படி விடிந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நேற்று அந்தப் பத்திரிகையின் ஓடரை எழுத்தில் நிறுத்திவிட்டேன்.

யாராவது உன்னை வற்புறுத்தினார்களா? ஒப்பந்தத்தை வாசித்தபின்தான் கையெழுத்திட்டாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் விருப்பப்படியே செய்தாய் என்றால் அதையும் நீயே சொல். கோபப்படமாட்டேன் என்று எழுத முயன்றேன். அது இரண்டாவது பொய்யாகிவிடும். கோபப்படுவேன். ஆனால் கதவைத் திறந்து உன்னை உள்ளே விட்ட பின்னரே.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று அரிசி எடுக்கப் பின்னறைக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். சாப்பிடும்போது, "பிள்ளைக்கு நல்லாக் குளிர்ந்திருக்குமே" என்று மட்டும் சொன்னாள்.

உன் நீலக் கோட்டு இங்கே இருக்கிறது. தபாலில் அனுப்பக் கட்டினேன், அவள் விடவில்லை. நீ வந்துதான் எடுக்க வேண்டுமாம்.

இறைவன் துணையிருக்க,
உன் அப்பா
ச. இராஜேந்திரன்