நான்காம் அறைக்கு ஒரு டிக்

யூரோப்பா பனிச்சுரங்க நிலையம்
திரை வடிவமைப்பாளர் நிறைமதியின் பதிவு

காலை 06:10

இல்லை, டிக் வைத்தால் மட்டும் எதுவும் நடக்காது. கட்டம் ஒரு விருப்பத்தைக் குறிக்கும், அவ்வளவுதான். கீழே உள்ள ‘உறுதி செய்’ பொத்தானை அழுத்திய பிறகே டிக் வைத்த அறையின் காற்று வெளியேறும். நிலையத்தின் மற்ற திரைகளில் தொட்டவுடன் வேலை நடந்துவிடும். இந்தப் பக்கத்தை நான் அப்படிச் செய்யவில்லை.

காலை 09:32

தொழிலாளர்கள் ஊர் திரும்பக் கலம் கேட்டார்கள். நிலையத்தின் துணைத் தலைவர் ருத்ரமூர்த்தி, அவர்களோடு பேசச் சம்மதித்த தலைவரின் மண்டையை இரும்புக் குழாயால் உடைத்தார். முன்னின்று கேட்ட ஜெசிந்தா உட்படப் பதினோரு பேரை நான்காம் அறையில் பூட்டினார். நான் இயந்திர அறையில், உள்ளே தாழிட்டுக்கொண்டு.

என் திரையில் நான்காம் அறையின் கட்டம் நிரம்பியது. ருத்ரமூர்த்தி தன் கைக்கருவியிலிருந்து வைத்த டிக். அவர் குரல் அந்த அறைக்குள் ஒலித்தது.

“என்ன ஜெசிந்தாம்மா, மூச்சு முட்டுதா? ஊருக்குப் போவணும்னியே, போ.”

அவர் உறுதி செய்யவில்லை. முடிந்தது என்று நினைக்கிறார்.

ஜெசிந்தாவின் தனி அலைவரிசையில் சொன்னேன்: “காத்து போகல. கத்துங்க. அப்புறம் சத்தமே வரக் கூடாது.”

கத்தினார்கள். நன்றாகவே கத்தினார்கள். பிறகு அமைதி.

காலை 09:58

பிணங்களை அகற்ற ருத்ரமூர்த்தி இரண்டு பேரோடு கதவைத் திறந்தார். உள்ளே இருந்தவர்கள் பனி துளைக்கும் கம்பிகளோடு காத்திருந்தார்கள். முதல் அடியில் அவர் தலைக்கவசம் பிளந்தது. அதற்குப் பிறகும் அடி விழுந்துகொண்டே இருந்தது. அந்த அறையின் ஒலிவாங்கியை நான் அணைக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

துப்பாக்கி வெடித்தது. கூட வந்த இருவரும் ஓடி, இரண்டாம் அறைக்குள் பூட்டிக்கொண்டார்கள். ஜெசிந்தாவின் தம்பி சாமுவேல் வாசலிலேயே இறந்தான்.

நான்காம் அறையின் டிக்கை எடுத்தேன்.

காலை 10:20

ஜெசிந்தா: “நிறை, ரெண்டாம் ரூமுக்கு டிக் வை.”

வைத்தேன். காத்திருந்தேன்.

“அவனுக்குக் காட்டுன வேலைய எங்கிட்ட காட்டாதடி. கீழ இருக்கறதையும் அழுத்து. என் தம்பிக்குக் கழுத்துல பாதி இல்ல.”

இரண்டாம் அறையிலிருந்து சமையற்காரர் லூர்து: “நிறைம்மா, நா சுடல. கதவத்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன். நேத்து உனக்குத்தான ரசம் தனியா எடுத்து வெச்சேன். அவன்தான் சுட்டான். அவன வேணா வெளிய தள்ளிடுறேன், கேக்குதா?”

கேட்கிறது. பின்னால் அடிதடிச் சத்தமும்.

டிக்குக்கும் பொத்தானுக்கும் நடுவே இடைவெளி விட்டது நான்தான். மனம் மாறுகிறவர்கள் மாறட்டும் என்று. உட்கார்ந்து பார்த்தேன். லூர்து பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

என் மனம் மாறவும் இல்லை.

காலை 10:26

உறுதி செய்தேன். லூர்துவின் அலைவரிசையை மூடினேன். இயந்திர அறைக் கதவின் தாழை நீக்கிவிட்டு, சாமுவேலைத் தூக்கப் போனேன்.