நான் வைத்த பட்டப்பெயர்

மார்ச் 4

ஒருவழியாக உள்ளே போய்விட்டேன். வெறுப்புக் குழுக்களை ஆராய்வதுதான் என் வேலை. ஆனாலும் அவர்களுடைய மூடிய அரட்டைக் குழுவில் நுழைய நாயாய் அலைந்தேன். அங்கே நான் ஆண், பெயர் 'சுத்தியல்'. குழுவை நடத்துகிறவரை எல்லோரும் 'வாத்தியார்' என்கிறார்கள். புதிதாக வருகிறவன் அக்கரைக்காரர்களுக்கு, அதாவது ஆற்றைத் தாண்டிப் பிழைக்க வந்தவர்களுக்கு, ஒரு பட்டப்பெயர் வைக்க வேண்டுமாம். வசவு எடுபடாது, சிரிப்பு வர வேண்டும்.

"ஒட்டுப்புல்லு" என்று எழுதினேன். "சும்மா நடந்து போனாலே துணியில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துரும்."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. "தம்பி, நீ நம்ம ஆளு" என்றார் வாத்தியார்.

அக்கா கணவரும் அக்கரைக்காரர்தான். அது நினைவுக்கு வராமல் இல்லை.

மார்ச் 19

அந்தச் சொல் வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஒரு சொல் பொறந்து பரவுறத முதல் நாள்லேருந்து பாக்குற வாய்ப்பு யாருக்கும்மா கிடைக்கும்? பேசாம கவனிச்சுட்டே இரு." எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. வெட்கம்தான், ஆனால் குளிர்ந்தது.

ஏப்ரல் 2

பேருந்தில் இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சாதாரண ஆட்கள். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

ஏப்ரல் 11

அக்கா போன் செய்தாள். "ஏய் எரும, போன எடுக்க இவ்ளோ நேரமா?" பிறகு அழுதாள். அத்தானின் தையல் கடை ஷட்டரில் சிவப்பு பெயின்ட்டில் அந்த ஒற்றைச் சொல். "என்னமோ புல்லாம்டி. எவன் பெத்த புள்ளையோ, உக்காந்து யோசிச்சிருக்கான் பாரு. அவன் கை விளங்காமப் போக!"

"ஆமாக்கா" என்றேன். ஆமாக்காவாம்! வேறென்ன சொல்லியிருக்க முடியும்? எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 12

தின்னர் வாங்கிக்கொண்டு போய் அத்தானோடு சேர்ந்து ஷட்டரைத் தேய்த்தேன். "படிச்ச கையி, பாத்து தேய்மா, தேஞ்சிரப் போவுது" என்று வழக்கம்போலக் கிண்டல். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 'பு' மட்டும் போகவே இல்லை.

ஏப்ரல் 13

அந்தச் சொல்லைப் பற்றி நாங்கள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை நிறுத்தச் சொன்னேன். "நீ சொல்லலைன்னா இன்னொருத்தன் சொல்லியிருப்பான்மா" என்றார் பேராசிரியர். இருக்கலாம். ஆனால் இன்னொருத்தன் சொல்லவில்லையே, நான்தானே சொன்னேன்?

குழுவிலிருந்து வெளியேறினேன். "என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா?" என்று வாத்தியார் தனியாகக் கேட்டிருந்தார். நிஜமான அக்கறை. ஐயோ, அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20

சொல்லிவிட்டேன் — இரண்டு பேரும் இருக்கும்போதே.

அத்தான் கோபப்படவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அத எழுதுனப்ப என் ஞாபகம் வந்துச்சாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வந்துச்சு அத்தான்."

"சரி" என்றார். அவ்வளவுதான். அடுப்பை அணைக்கப் போன அக்கா, நான் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை.

ஏப்ரல் 27

அக்கா போனை எடுக்கவில்லை.

மே 9

மனசு கேட்கவில்லை, நேரிலேயே போய்விட்டேன். திட்டுவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கதவைத் திறந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"